"கிம் ஸ்ஸி" என்று மேலதிகாரியை அழைத்துவிட்டேன். கொரிய அலுவலகத்தில் யாரை எப்படிக் கூப்பிடுவது?

ஒரகடம்_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரிய கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. அதற்கு முன் ஆறு மாதம் செல்போன் செயலியில் கொரிய மொழி படித்தேன். எழுத்து வாசிப்பேன், சின்ன வாக்கியங்கள் பேசுவேன்.

போன வாரம் எங்கள் பிரிவின் கொரியத் தலைவரிடம் ஒரு கொட்டேஷனைக் கொடுத்து, "கிம் ஸ்ஸி, இதைப் பாருங்கள்" என்று அவர் மொழியிலேயே சொன்னேன். 'ஸ்ஸி' என்றால் 'திரு' என்று செயலியில் படித்திருந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. தாளை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் இருந்த இன்னொரு கொரியர் என்னைத் தனியே அழைத்து, "புஜாங்நிம் என்று சொல்" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

மரியாதை என்று நினைத்துச் சொன்னது எப்படி அவமரியாதை ஆனது என்று புரியவில்லை. இரண்டு நாள் சரியாகத் தூக்கம் இல்லை. தேரி, குவாஜாங், ச்சாஜாங், இஸா என்று விதவிதமாகக் காதில் விழுகிறது. அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வேறு வருகிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுங்கள்.

இருமொழி_அக்கா:

தம்பி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 14 வருடமாகக் கொரிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். உங்களுக்கு நடந்தது செயலியில் படித்துவிட்டு வருகிற நிறையப் பேருக்கு நடப்பதுதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

'ஸ்ஸி' மரியாதைச் சொல்தான், ஆனால் அது மேல்நோக்கிப் போகாது. சம நிலையில் இருப்பவரையும் நமக்குக் கீழ் இருப்பவரையும் கண்ணியமாக அழைக்க அது உதவும். அதிலும் முழுப் பெயரோடோ சொந்தப் பெயரோடோ சேர்க்க வேண்டும். வெறும் குடும்பப் பெயரோடு 'கிம் ஸ்ஸி', 'பாக் ஸ்ஸி' என்பது, பெயர் கேட்டுக்கொள்ளக்கூடத் தேவையில்லாத ஆளைக் கூப்பிடுவது போன்றது. நம் ஊரில் தலைமையாசிரியரை ஊர்ப் பெரியவர் "என்ன வாத்தியாரே" என்று கேட்டால் அன்பு. அதையே ஆறாம் வகுப்புப் பையன் கேட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். சொல் ஒன்றுதான், அது எந்தத் திசையில் போகிறது என்பதுதான் கணக்கு.

மேலே இருப்பவரை அழைக்க, பதவிப் பெயர் சொல்லி அதோடு 'நிம்' சேர்க்க வேண்டும். புஜாங்நிம், குவாஜாங்நிம். குடும்பப் பெயர் வேண்டுமானால் முன்னால் வரும்: கிம் புஜாங்நிம். அவர் ஒருவரே அங்கே புஜாங் என்றால் பெயரே வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பாடப் புத்தகங்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கொரிய மொழியில் மேலதிகாரியைப் பார்த்துச் சொல்ல 'நீங்கள்' என்ற சொல்லே கிடையாது. செயலி 'தாங்ஷின்' என்று சொல்லிக்கொடுத்திருக்கும். கணவன் மனைவி பேசிக்கொள்ளும்போது அது வரும், விளம்பரத்தில் வரும், தெருச் சண்டையிலும் வரும். அலுவலகத்தில் வாயைத் திறந்து அதைச் சொல்லவே கூடாது. 'நீங்கள்' வர வேண்டிய இடம் எல்லாவற்றிலும் பதவிப் பெயர்தான் வரும். அவர் முகத்தைப் பார்த்தே "புஜாங்நிம் சாப்பிட்டாயிற்றா?", "இது புஜாங்நிம் பேனாவா?" என்று கேட்க வேண்டும். நாமும் "ஐயா சாப்பிட்டாச்சா?", "டாக்டர் எப்ப வருவீங்க?" என்று கேட்கிறவர்கள்தானே, நமக்கு இது சிரமமே இல்லை. பதவிப் பெயர் தெரியாவிட்டால் அங்கே ஒரு வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது. புதிதாக ஒருவரைச் சந்தித்ததும் கொரியர்கள் விசிட்டிங் கார்டை இரு கையால் வாங்கி நிதானமாகப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஏணி. கடைசிப் படி 'ஸாவோன்', சாதாரண ஊழியர். அதற்கு மேல் சில கம்பெனிகளில் 'ஜுயிம்'. அப்புறம் தேரி, குவாஜாங், ச்சாஜாங், புஜாங். இதுவரை ஊழியர் வரிசை. அதற்கு மேல் நிர்வாகிகள்: இஸா, ஸாங்மு, ஜொன்மு, புஸாஜாங், ஸாஜாங், எல்லோருக்கும் மேலே ஹ்வேஜாங்.

மனப்பாடம் செய்யாமல் பொருள் தெரிந்துகொண்டு படியுங்கள். இவை சீன எழுத்து மூலத்திலிருந்து வந்தவை. 'ஜாங்' என்றால் தலைவர். 'குவா' சிறு பிரிவு, 'பு' பெரிய பிரிவு. ஆகவே குவாஜாங் சிறு பிரிவுக்குத் தலைவர், புஜாங் பெரிய பிரிவுக்குத் தலைவர். 'ச்சா' என்றால் அடுத்த நிலை, புஜாங்குக்கு அடுத்தவர் ச்சாஜாங். 'தேரி' என்றால் பதிலாள் என்று பொருள். குடித்துவிட்டு வண்டி ஓட்ட முடியாதவர்களுக்காகப் பதில் ஓட்டுநரை அனுப்பும் சேவைக்கும் கொரியாவில் 'தேரி' என்றுதான் பெயர். ஒரு எச்சரிக்கை: புஜாங்கில் உள்ள 'பு' வேறு, புஸாஜாங்கில் உள்ள 'பு' வேறு. இரண்டாவதற்குத் 'துணை' என்று பொருள். ஒலி ஒன்றாக இருப்பதால் புஜாங்கைத் துணைத் தலைவர் என்று நினைத்துவிடுகிறவர்கள் உண்டு.

இன்னொரு குழப்பம் நம் ஊர்க்காரர்களுக்கே உரியது. ஸாங்மு பதவியை ஆங்கிலத்தில் மேனேஜிங் டைரக்டர் என்று மொழிபெயர்ப்பது பழைய வழக்கம். நமக்கு எம்.டி. என்றால் கம்பெனிக்கே தலைவர். அங்கே அவருக்கு மேல் ஜொன்மு இருப்பார், புஸாஜாங் இருப்பார், ஸாஜாங் இருப்பார். இங்குள்ள கிளைக் கம்பெனியின் தலைவரை 'பொபின்ஜாங்' என்பார்கள். வந்திருப்பவர்களில் யார் பெரியவர் என்பதைக் கார்டில் உள்ள ஆங்கிலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கொரியச் சொல்லைப் படியுங்கள்.

ஒரகடம்_வாசி:

அக்கா, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. நன்றி. இரண்டு சந்தேகம். எங்கள் மாடியில் இரண்டு கிம் குவாஜாங் இருக்கிறார்கள், என்ன செய்வது? இன்னொருவர் கார்டில் குவாஜாங் என்று இருக்கிறது, ஆனால் எல்லோரும் 'டிம்ஜாங்நிம்' என்கிறார்கள். எது சரி?

இருமொழி_அக்கா:

2015 கணக்கெடுப்பின்படி கிம், லீ, பாக் என்ற மூன்று குடும்பப் பெயர்களிலேயே கொரியர்களில் சுமார் 45 விழுக்காட்டினர் அடங்கிவிடுகிறார்கள். அதனால் இந்தச் சிக்கல் எல்லா அலுவலகத்திலும் உண்டு. முழுப் பெயரோடு குவாஜாங்நிம் என்று சொல்லுங்கள், அல்லது 'தர ஆய்வுப் பிரிவு கிம் குவாஜாங்நிம்' என்று பிரிவைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது நல்ல கேள்வி. குவாஜாங் என்பது படிநிலை, கொரிய மொழியில் 'ஜிக்குப்'. டிம்ஜாங் என்பது பொறுப்பு, 'ஜிக்சேக்'. டீம் என்ற ஆங்கிலச் சொல்லோடு 'ஜாங்' சேர்ந்தது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். பொறுப்பு இருந்தால் பொதுவாக அதைச் சொல்லித்தான் அழைப்பார்கள். மற்றவர்கள் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே நீங்களும் அழைத்துவிடுங்கள். புதிய இடத்தில் முதல் வாரம் வாயைவிடக் காதுக்குத்தான் அதிக வேலை.

பாங்யோ_பறவை:

இதெல்லாம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் கொரியாவில், சியோலுக்கு அருகே உள்ள பாங்யோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் தேரியும் கிடையாது, புஜாங்கும் கிடையாது. எல்லோரையும் பெயர் சொல்லி 'நிம்' சேர்க்கிறோம். சி.ஜே. குழுமம் 2000-இலேயே இதைத் தொடங்கியது. சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் 2017-இல் ஏழு படிகளை நான்காகக் குறைத்து 'நிம்', 'ப்ரோ' ('புரொஃபெஷனல்' என்பதன் சுருக்கம்) என்று அழைக்கச் சொன்னது. ஹூண்டாய் மோட்டார் 2019-இல் ஊழியர் படிகளைச் சுருக்கி மேனேஜர், பொறுப்பு மேனேஜர் என்று இரண்டு அழைப்புப் பெயர்களாக்கியது. ககாவோ என்ற இணைய நிறுவனத்தில் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டு அதைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள். மேல் கீழ் பார்க்காமல் எல்லோரும் தயங்காமல் பேச வேண்டும் என்பதுதான் இந்த மாற்றங்களின் நோக்கம்.

பழைய ஏணியை மட்டும் படித்துவிட்டு எங்களைப் போன்ற இடத்துக்கு வந்தால் அதுவும் விநோதமாகத்தான் இருக்கும்.

இருமொழி_அக்கா:

உண்மை, மறுக்கவில்லை. ஆனால் உதிரிபாகக் கம்பெனிகளில் நான் இன்றும் தினமும் கேட்பது பழைய ஏணிதான். உங்கள் இடத்திலும் 'நிம்' போகவில்லை, பதவிதான் போயிருக்கிறது. வினைச்சொல்லில் சேரும் 'ஷி' என்ற மரியாதை இடைநிலையும் போகவில்லை அல்லவா?

பாங்யோ_பறவை:

போகவில்லை. பெயர் சொல்லி அழைத்துவிட்டு வாக்கியத்தை முழு மரியாதையோடுதான் முடிக்கிறோம். ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்ட நண்பனும் அப்படித்தான் பேசுகிறான்.

மட்டு_வாவி:

நான் மட்டக்களப்பு. வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கொரியா வேலைக்கு எடுக்கும் ஈ.பி.எஸ். திட்டத்தின் பரீட்சை எழுதி 2016-இல் கொரியா வந்தேன். ஹ்வாசொங் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். தம்பி அலுவலகத்து ஏணியைக் கேட்கிறார், தொழிற்சாலைத் தளத்தில் அது வேறு மாதிரி என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஸாங்முவும் இல்லை, ஜொன்முவும் இல்லை. முதலாளி ஸாஜாங்நிம். அவர் மனைவி ஸாமோனிம், சம்பளக் கணக்கெல்லாம் அவர் கையில். தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர் கோங்ஜாங்ஜாங்நிம். எங்கள் குழுவுக்குத் தலைவர் பான்ஜாங்நிம். லொறி ஓட்டுபவர் கிஸாநிம். சமையலறையில் இருந்த வயதான அம்மாவை இமோ என்று கூப்பிடுவோம், சின்னம்மா மாதிரி. 'இமோ' என்று கூப்பிட்டால் சோறு ஒரு கரண்டி கூடவே விழும்.

ஆனால் எங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் என்றும் சொல்ல வேண்டும். முதல் ஒரு வருடம் எனக்குப் பெயரே இல்லை. 'யா!' என்பார்கள், அது 'டேய்' மாதிரி. நாங்கள் ஆறு வெளிநாட்டுக்காரர், ஆறு பேருக்கும் அதே 'யா'. ஒருநாள் கோங்ஜாங்ஜாங்நிம் நல்ல மனநிலையில் இருந்தபோது போய், எனக்குப் பெயர் இருக்கிறது, பெயரோடு 'ஸ்ஸி' சேர்த்துக் கூப்பிடுங்கள் என்று கேட்டேன். கொரிய மொழியில் நான் முதன்முதலாக ஒத்திகை பார்த்துச் சொன்ன வாக்கியம் அதுதான். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பின்னேரம் கூட்டத்தில் எல்லோரிடமும் சொன்னார். மறுநாளில் இருந்து எங்கள் ஆறு பேருக்கும் பெயரும் வந்தது, ஸ்ஸியும் வந்தது.

தம்பியின் புஜாங்குக்குக் குறைவாகப் பட்ட அதே ஸ்ஸி எனக்கு அன்றைக்குப் பெரிய மரியாதை. முதல் நாள் பெயரோடு கூப்பிட்ட நேரம் கண் கலங்கினது.

பாங்யோ_பறவை:

அண்ணா, இதை வாசித்துவிட்டு நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கு உதவும் என்று ஒன்றைச் சேர்க்கிறேன். 2019 ஜூலை 16 முதல் பணியிடக் கொடுமையைத் தடுக்கும் விதிகள் கொரியத் தொழிலாளர் சட்டத்தில் நடைமுறையில் உள்ளன. பதவியின் பலத்தை வைத்து ஒருவரைத் தொடர்ந்து இழிவாக நடத்துவது அதற்குள் வரக்கூடும். தொழிலாளர் அமைச்சகத்தின் உதவி எண் 1350.

ஹங்குல்_மாணவி:

ஒரு சந்தேகம். எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் 'அப்ஜொன்பொப்' என்று ஒரு பாடம் இருக்கிறது. தாத்தாவிடம் அப்பாவைப் பற்றிப் பேசும்போது அப்பாவுக்கு மரியாதை விகுதி சேர்க்கக் கூடாதாம், கேட்பவர் அப்பாவைவிடப் பெரியவர் என்பதால். அப்படியானால் ஸாஜாங்நிமிடம் பேசும்போது என் குவாஜாங்கைப் பற்றி மரியாதை இல்லாமல்தான் பேச வேண்டுமா? தேர்வுக்காகப் படித்துவிட்டேன், ஆனால் வாய் வரமாட்டேன் என்கிறது.

இருமொழி_அக்கா:

அது குடும்பத்துக்குள் இருந்த பழைய மரபு. வீடுகளிலேயே தளர்ந்துவிட்டது. அலுவலகத்துக்கு அது பொருந்தாது என்று கொரிய அரசின் தேசிய மொழி நிறுவனமே 2011-இல் வெளியிட்ட மொழிமரபு வழிகாட்டியில் சொல்லிவிட்டது. ஸாஜாங்நிமிடமே "குவாஜாங்நிம் வெளியே போயிருக்கிறார்" என்று மரியாதையோடு சொல்லலாம். ராணுவத்திலும் 2016-இல் இந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். பழைய ஆட்கள் சிலர் இன்னும் திருத்துவார்கள். திருத்தினால் "தெரிந்துகொண்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், வழிகாட்டியைக் காட்டி வாதாட வேண்டாம்.

ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வெளி ஆளிடம் பேசும்போது ஜப்பானியர் தன் மேலதிகாரியைத் தாழ்த்திச் சொல்வார். கொரியர் அப்படிச் செய்வதில்லை. வாடிக்கையாளரிடம் பேசும்போதும் எங்கள் ஸாஜாங்நிம் ஸாஜாங்நிம்தான்.

ஹங்குல்_மாணவி:

அப்பாடா! இன்னொன்று கேட்கிறேன். பெண் அதிகாரி என்றால் ஸாமோனிம் என்று சொல்லலாமா?

இருமொழி_அக்கா:

கூடவே கூடாது. ஸாமோனிம் என்பது மேலதிகாரியின் மனைவியைச் சொல்வது. அதிகாரி பெண்ணானாலும் அவர் ஸாஜாங்நிம்தான், புஜாங்நிம்தான். பதவிச் சொல்லில் ஆண் பெண் பேதமே இல்லை. எங்கள் தளத்துக்கு வந்த ஒரு பெண் ஸாங்முவை வரவேற்பில் இருந்தவர் ஸாமோனிம் என்று அழைத்துவிட்டார். உடன் வந்த அதிகாரியின் மனைவி என்று எண்ணிவிட்டார். அந்த அம்மையார் சிரித்தபடி தன் கார்டை நீட்டினார். ஆனால் அந்தச் சிரிப்பு எத்தனை வருடப் பழக்கத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும். பதவி தெரியாத பெண்ணிடம் முதலில் கார்டை வாங்கிப் பாருங்கள்.

ஒரகடம்_வாசி:

எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு சின்ன விஷயம். என்னை அவர்கள் என் பெயரால் அழைப்பதே இல்லை, என் அப்பா பெயரைச் சொல்கிறார்கள். முதல் நாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன்.

பாங்யோ_பறவை:

நம் எல்லோருக்கும் உள்ள சிக்கல் இது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் நமக்கு அப்பா பெயர்தான் இருக்கும். கொரியாவில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். அதனால் அப்பா பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். என் மனைவியை ஒரு வருடம் என் மாமனார் பெயரில் அழைத்தார்கள். சேர்ந்த அன்றே "என்னை இப்படிக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுவது நல்லது. யாரும் தப்பாக நினைப்பதில்லை.

இருமொழி_அக்கா:

பெரியவர்கள் வரும்போது உங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டிவரும், அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றவரைச் சொல்லும்போது பெயர் முதலில், பதவி பின்னால். தன்னைச் சொல்லும்போது பதவி முதலில், பெயர் பின்னால். "பர்ச்சேஸ் பிரிவு ஸாவோன் இன்னார்" என்று சொல்லுங்கள். பதவியைப் பெயருக்குப் பின்னால் வைத்தால் தன்னைத் தானே உயர்த்திக்கொள்வதாகும். 'நிம்' தன் பேருக்குச் சேரவே சேராது.

சாப்பிட்டீர்களா என்று கேட்க 'ஷிக்ஸா' என்ற சொல்லை எடுங்கள், 'பாப்' வேண்டாம். 'உணவருந்துதல்', 'சோறு' என்ற வேறுபாடுதான். மாலையில் நீங்கள் முன்னால் கிளம்பினால் 'மொன்ஜொ துரொகாகெஸ்ஸும்னிதா', அதாவது முதலில் விடைபெறுகிறேன் என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் 'ஸூகோ ஹாஸேயோ' வேண்டாம். அது நன்றாக உழையுங்கள் என்று மேலிருந்து சொல்வது போல் படுகிறது. கேட்டது புரிந்தது என்பதற்கு 'அல்கெஸ்ஸும்னிதா'. ககாவோடாக் என்ற செய்திச் செயலியில் பதில் எழுதும்போது வெறும் 'நே' (ஆம்) வறண்டு தெரிகிறது என்று இளைஞர்கள் 'நெப்' என்று போடுகிறார்கள். நீங்களும் தாராளமாகப் போடலாம்.

என் தொழிலில் தினமும் நடக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் எல்லோரையும் 'சார்' என்பார்கள். கிம் சார், லீ சார். இங்கே பல வருடம் இருந்த கொரியர்கள் அதை மனதார ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் நான் அந்த 'சாரை' அப்படியே கொரிய மொழியில் கொண்டுபோக முடியாது. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று திரும்பிப் பார்த்து, அவர் தேரியா புஜாங்கா என்று நினைவுபடுத்தி, அந்தப் பதவியை நானே போட வேண்டும். எட்டுப் பேர் இருக்கும் கூட்டத்தில் மூளையில் பாதி இதற்கே போய்விடும். கூட்டத்துக்கு முன் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று படம் வரைந்து பதவிகளைக் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. தம்பி, நீங்களும் ஒன்று வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடம்_வாசி:

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன். வருகை நேற்று முடிந்தது. அக்கா சொன்னபடி படம் வரைந்து சட்டைப் பையில் வைத்திருந்தேன். வந்தவர்கள் ஐந்து பேர். ஒரு ஸாங்மு, ஒரு இஸா, இரண்டு புஜாங், ஒரு தேரி. என் முறை வந்ததும் "பர்ச்சேஸ் பிரிவு ஸாவோன்" என்று தொடங்கி என் சொந்தப் பெயரைச் சொன்னேன்.

அதற்கு முன்பே எங்கள் புஜாங்நிமிடம் தனியாகப் போய், அன்றைக்குத் தவறாக அழைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "தெரியாமல் சொன்னது என்று அன்றே தெரியும்" என்றார். நேற்று ஸாங்முநிமிடம் என்னைக் காட்டி என் பெயரோடு 'ஸ்ஸி' சேர்த்துச் சொன்னார். மட்டு_வாவி அண்ணா எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது.

கடைசியாக ஒன்று. வந்தவர்களுக்கு நன்றி மின்னஞ்சல் எழுத வேண்டும். முடிவில் என்ன போடுவது?

இருமொழி_அக்கா:

பெயருக்குப் பின்னால் 'துரிம்' போடலாம், தருகிறேன் என்று பொருள். ஸாங்முவுக்கு 'ஒல்லிம்' போடுங்கள், மேலே உயர்த்திச் சமர்ப்பிக்கிறேன் என்று பொருள். தொடக்கத்தில் ஸாங்முநிம் என்று எழுதி அதோடு 'க்கே' சேர்க்க மறந்துவிடாதீர்கள், அது 'அவர்களுக்கு' என்பது போல. அனுப்பும் முன் இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.